வேலை கேட்டுப் போகும்போது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. கல்லூரி நேரம் போக ஏதாவது வேலைக்குப் போகலாமா என்று அம்மாவிடம் கேட்டாயாம். அம்மாவுக்குப் பயம். எனக்குச் சம்மதம். ஆனால் ‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’ என்று உன் போனுக்கு வந்த அந்த வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

வீடியோவுக்கு லைக் போடு, ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடு என்பார்கள். முதலில் நூறோ இருநூறோ நிஜமாகவே கணக்கில் வந்து விழும். அதை நம்பித்தான் சிக்குகிறார்கள். அப்புறம், ‘ஆயிரம் கட்டு, கூடுதலாகத் திரும்ப வரும்’ என்பார்கள். தொகை ஏறிக்கொண்டே போகும். பணத்தை எடுக்கப் போனால் அதற்கும் வரி கட்டச் சொல்வார்கள். இன்னும் மோசமானது ஒன்று உண்டு: ‘உன் வங்கிக் கணக்குக்குப் பணம் வரும், எடுத்து அனுப்பு, கமிஷன் தருகிறோம்.’ அது யாரையோ ஏமாற்றிப் பிடுங்கிய பணம். கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவரைத்தான் போலீஸ் முதலில் தேடி வரும். வேலையில் சேர யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதே. உன் தோழிகளில் யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால், வெட்கப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யச் சொல். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை முடக்கி வைக்க வழி உண்டு.

முதலாளியின் முகம் தெரிகிற இடமாகத் தேடு. தீபாவளிக்கு முன்னால் சென்னையில் தி.நகர், புரசைவாக்கம் பக்கம் ஜவுளிக்கடைகளில் கூடுதல் ஆள் எடுப்பார்கள். இங்கே மதுரை விளக்குத்தூணில் நம் ஜவுளிக்கடைக்கும் ஆவணி பிறந்தாலே பிள்ளைகள் வேலை கேட்டு வருவது உனக்குத் தெரியும். சாயங்காலக் கூட்டத்துக்கு நடுவே வந்து கேட்டால் எந்த முதலாளியும் ‘அப்புறம் வாம்மா’ என்றுதான் சொல்வார். காலையில் அவர்கள் கடை திறந்து, சரக்கை அடுக்கி முடித்த பிறகு, பதினோரு மணிவாக்கில் போ. ‘வேலை இருக்கா’ என்று மட்டும் கேட்டு நிற்காதே. எந்தெந்தக் கிழமை வர முடியும், எத்தனை மணிவரை இருக்க முடியும், பரீட்சை எப்போது என்பதை நீயே முதலில் சொல்லிவிடு. சொன்ன நேரத்துக்கு இந்தப் பிள்ளை வருமா என்பது ஒன்றுதான் எங்களுக்குக் கவலை. போன தீபாவளிக்கு வந்த ஒரு பெண், வாடிக்கையாளர் அடுத்த சேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முந்தைய சேலையைப் பழைய மடிப்பு மாறாமல் மடித்து வைத்துவிடுவாள். யாரும் சொல்லித் தரவில்லை. பொங்கல்வரை இருக்கச் சொல்லிவிட்டேன்.

சம்பளம் பேசக் கூச்சப்படாதே. நாள் கணக்கா, மாதக் கணக்கா, என்றைக்குக் கைக்கு வரும், சரக்கு குறைந்தால் பிடிப்பார்களா என்றெல்லாம் சேரும் முன்பே கேள். நாள் முழுக்க நிற்க வேண்டும் என்று எங்கேயாவது சொன்னால், கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள் என்பதை நினைவில் வை. மார்க் ஷீட் நகல் கொடு, அசலை யாரிடமும் கொடுக்காதே. விடுதி கதவு அடைக்கும் முன் பஸ்ஸில் திரும்பி வருகிற தூரத்தில் பார்.

உன் அறையில் இருக்கும் பிள்ளைக்கு இன்னும் 18 முடியவில்லை என்றாயே. பட்டாசுக் கடைக்கு மட்டும் அவள் போக வேண்டாம். வெடிபொருள் சம்பந்தப்பட்ட வேலையில் அந்த வயதுப் பிள்ளைகளை வைக்கக் கூடாது என்பது சட்டம்.

கடை அமைந்ததும் பேரையும் தெருவையும் எழுது. அடுத்த முறை சௌகார்பேட்டைக்குச் சரக்கெடுக்க வரும்போது நானும் போய் ஒரு துண்டு வாங்குகிற சாக்கில் இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா