ஏ.ரி.வி. வாங்குகிறவர்கள் சிசிக்கு முன் எடையைப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்டுப்பாதைச் சவாரிக்கு ஏற்ற சிறிய யூட்டிலிட்டி ஏ.ரி.வி.களை (வேலைக்கும் சவாரிக்கும் பயன்படும் நாலு சக்கரத் திறந்த வண்டிகளை) ஒப்பிட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. எழுதியவருக்கும் வெளியிட்ட உங்களுக்கும் முதலில் நன்றி. வார இறுதியில் ரொறொன்ரோவிலிருந்து கவார்த்தா, ஹாலிபர்ட்டன் பக்கம் வண்டியை ரெயிலரில் ஏற்றிக்கொண்டு வரும் நம்மவர்களை இப்போது அடிக்கடி காண்கிறேன். அவர்களில் பலர் முதல் வண்டி வாங்கும்போது அந்தக் கட்டுரையில் இருந்தது போலவே சிசி, குதிரைவலு, விலை மூன்றையும்தான் பார்க்கிறார்கள். அதில்தான் எனக்குக் கட்டுரையாளரோடு உடன்பாடில்லை. மரங்களுக்கு நடுவே ஒடுங்கிப் போகும் பாதையில் ஓட்டுவதற்கென்றால் முதலில் பார்க்க வேண்டியது எடை. அடுத்தது, இறக்கத்தில் வண்டி தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறதா என்பது. சிசி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கட்டுரையில் எடைக்கு ஒரு வரிகூட இல்லை. ஹொண்டா ரீகன் 250 என்று விற்கப்பட்ட வண்டியின் எஞ்சின் உண்மையில் 229 சிசி. பெற்றோல் நிரப்பிய நிலையில் அது 200 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அதே ஹொண்டாவின் ராஞ்சர் 420, நாலு சக்கரமும் இழுக்கும் வகை, 260 கிலோ அளவில் வரும். யமஹா கோடியாக் 450 வகையைப் பொறுத்து 275 முதல் 285 கிலோ. கட்டுரையாளர் முதலிடம் கொடுத்த பொலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மன் 570 முந்நூறு கிலோவைத் தாண்டிவிடும். அதன் 44 குதிரைவலுவை நான் குறை சொல்லவில்லை. திறந்த வெளியில், அகலமான கிறவல் பாதையில் அது அருமையான வண்டிதான். ஆனால் அதைச் சிறிய வண்டிகளின் வரிசையில் வைத்து, அதே அளவுகோலால் அளந்து, முதல் வண்டி வாங்குகிறவருக்கு இதுதான் சிறந்தது என்று சொல்வது சரியில்லை.

கின்மவுண்ட் ஊருக்கு வடக்கே, இப்போது வண்டிகள் ஓடும் பழைய ரயில்பாதையை விட்டு விலகி உள்ளே போனால் நிலம் மாறிவிடும். ஒரு பக்கம் கருங்கல் பாறை, மறுபக்கம் சீடர் மரச் சதுப்பு. பீவர் அணை கட்டிய இடங்களில் நேற்று இருந்த பாதை இன்று தண்ணீருக்குள் இருக்கும். அப்படி ஓர் இடத்தில், ஈரமான வேர்களுக்கு நடுவே என் ரீகனின் பின்சக்கரங்கள் இரண்டும் புதைந்துவிட்டன. நானும் என் மைத்துனரும் பின் றாக்கின் (சாமான் வைக்கும் தட்டின்) கம்பியைப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லித் தூக்கி, ஓர் அடி பக்கவாட்டில் நகர்த்தி வைத்தோம். அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டது. அதே குழிக்குள் எங்களுடன் வந்தவரின் பெரிய வண்டியும் இறங்கியது. நாலு சக்கரமும் சுழன்றன, சேறு தலைக்கு மேலே பறந்தது, வண்டி வயிற்றில் உட்கார்ந்துவிட்டது. கையால் அசைக்கக்கூட முடியவில்லை. வின்ச் (மாட்டிய வண்டியை இழுத்தெடுக்கும் கருவி) கேபிளை இழுத்துக் கட்டுவதற்குத் தோதான மரம் தேடவே நேரம் போய்விட்டது. மே மாதத்துக் கறுப்பு ஈக்கள் காதுக்குள்ளும் கழுத்திலும் கடித்துக்கொண்டிருந்தன. நாலு சக்கர இழுவை இருப்பதால் கனமான வண்டி இன்னும் ஆழத்துக்குப் போய்த்தான் மாட்டும். அதனால் தனியாகப் போகிறவர் தன்னால் தள்ளவோ நிமிர்த்தவோ முடிகிற வண்டியைத்தான் எடுக்க வேண்டும். (தனியாகப் போகவே கூடாது என்பது வேறு விஷயம்.)

அகலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரீகன் சுமார் 41 அங்குலம். மற்றவை பெரும்பாலும் 45 முதல் 48 அங்குலத்துக்குள் வரும். அமெரிக்கத் தேசியக் காடுகளில் 50 அங்குலத்துக்கு மேற்படாத வண்டிகளுக்கென்றே பாதைகள் உண்டு. அந்த எல்லைக்குள் இவை எல்லாமே அடங்கிவிடும். ஆனாலும் இரண்டு மரங்களுக்கு இடையே கைப்பிடி உரசாமல் போவதற்கு அந்த ஐந்தாறு அங்குலம் பெரிய உதவி. ஒடுக்கமான வண்டி கவிழாதா என்று கேட்கலாம். ஒடுக்கமாகவும் உயரமாகவும் இருந்தால் கவிழத்தான் செய்யும். ரீகன் தாழ்வாக உட்காரும் வண்டி.

தரையிலிருந்து உயரம் குறித்துக் கட்டுரையாளர் ரீகன், ராஞ்சர் இரண்டையும் கழித்துக்கட்டியிருக்கிறார். ஆறு அங்குலம் அளவுதான் என்பது உண்மை. ஆனால் அந்த எண்ணை எப்படி வாசிப்பது என்று அவர் சொல்லவில்லை. ரீகனுக்கும் கால் கியர் ராஞ்சருக்கும் பின்புறம் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு. தரைக்கு ஆக நெருங்கிய இடம் அச்சின் நடுப்பகுதி. அது சக்கரங்களோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால், பின்னால் சுமை ஏற்றினாலும் அந்த இடைவெளி குறையாது. கோடியாக் போல இரு பின்சக்கரங்களும் தனித்தனியாக அசையும் வண்டியில் நிற்கும்போது இடைவெளி கூடுதலாக இருக்கும். சுமை ஏறி, ஸ்பிரிங் அமுங்கி, குழிக்குள் விழும்போது அடிப்பகுதி கீழே இறங்கிவிடும். முதுகு வலிக்காரருக்குத் தனித்தனி அசைவுதான் நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பாறைப் பாதையில் ஒரே அச்சு என்பது குறை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. சரிவில் குறுக்காகப் போகும்போது வண்டி ஒரு பக்கம் சாயாமல் நிற்பதற்கும் அதுவே உதவுகிறது.

இப்போது கியர் விஷயம். ஊரில் ஹொண்டா சாலியோ ஐம்பது சிசி ஹொண்டாவோ ஓட்டியவர்களுக்கு கால் கியர் உள்ள ரீகனும் ராஞ்சரும் ஏறிய உடனேயே பழகிவிடும். கையில் கிளச் கிடையாது. காலால் கியரை மிதித்தால் மீதியை உள்ளே இருக்கும் மையவிலக்குக் கிளச் பார்த்துக்கொள்ளும். இதனால் கிடைக்கும் பெரிய வசதி இறக்கத்தில்தான் தெரியும். முதல் கியரில் போட்டு அக்சிலேற்றரை விட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும். ஈரப் பாறையில் பிரேக்கை அழுத்திச் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குகிற பயம் வெகுவாகக் குறையும்.

பெல்ட்டில் ஓடும் ஆட்டோமற்றிக் வண்டிகள் எல்லாமே இதில் மோசம் என்று சொல்ல மாட்டேன். கோடியாக்கில் நாலு சக்கர இழுவையைப் போட்டுவிட்டால் நாலு சக்கரத்திலும் எஞ்சின் பிடிப்பு கிடைக்கும். நான் ஓட்டிய பெல்ட் வண்டிகளில் இறக்கத்துக்கு அதுதான் ஆக நம்பிக்கையானது. பொலாரிஸின் முறை வேறு. பின்சக்கரம் வழுக்கினால்தான் முன்சக்கரத்துக்கு இழுவை போகும். இறக்கத்துக்கென்று தனி வசதி சேர்த்த மொடல்களைத் தவிர மற்றவற்றில், கீழே இறங்கும்போது எஞ்சின் பிடிப்பு பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். செங்குத்தான இறக்கத்தில் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு பக்கவாட்டில் வருவதற்கு இது ஒரு காரணம். 44 குதிரைவலு மேட்டில் ஏற உதவும். ஏறினவர் இறங்கவும் வேண்டுமே!

கவாசாகி புரூட் ஃபோர்ஸ் 300ஐக் கட்டுரையாளர் ஆரம்பகாரர்களுக்கு என்று பரிந்துரைத்திருந்தார். தாய்வானில் கிம்கோ தயாரித்துக் கொடுக்கும் வண்டி அது. 271 சிசி, பெல்ட், தண்ணீரால் குளிரும் எஞ்சின். ஓட்ட இலகுவானது. ஆனால் பின்சக்கர இழுவை மட்டும்தான், எடையோ 240 கிலோவைத் தாண்டுகிறது. நாலு சக்கர இழுவை இல்லையென்றால் எடையாவது குறைய வேண்டும். ரீகனில் அது குறைகிறது, இதில் இல்லை.

என் கணிப்பு இதுதான். கனராஸ்கா காட்டின் மணல் பாதைக்கும், ஹாலிபர்ட்டன் ரயில்பாதைக்கும், காணியில் விறகு இழுக்கவும் நல்ல நிலையில் உள்ள பழைய ரீகன் போதும். சதுப்பும் பாறையும் உள்ள இடங்களுக்கு அடிக்கடி போகிறவர் கால் கியர் உள்ள நாலு சக்கர ராஞ்சர் 420ஐ எடுக்கலாம். கியர் மாற்ற விருப்பமில்லாதவருக்குக் கோடியாக் 450. சுசுகி கிங்குவாட் 400 (376 சிசி) பெல்ட்டிலும் கால் கியரிலும் வந்திருக்கிறது. கால் கியர் வகை நல்ல விலைக்குக் கிடைத்தால் விடாதீர்கள்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்கிவிடக் கூடாது. எண்ணெய் அளவுக் குச்சியை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்து, மூலையில் காய்ந்த சேறு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பெயரிங் தேய்ந்தது கையில் தெரியும். அச்சின் ரப்பர் உறைகள் கிழிந்திருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். அப்புறம், ரயர் காற்று. இவற்றுக்கு 3 முதல் 7 பிஎஸ்ஐ வரைதான், காருக்கு வைப்பது போல முப்பது வைக்கக் கூடாது. குறைந்த அழுத்தத்தை அளக்கும் மானி தனியாக விற்கிறார்கள், ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

றாக் இருப்பதாலேயே எதையும் ஏற்றலாம் என்றும் நினைக்கக் கூடாது. ரீகனின் முன் றாக் தாங்குவது 33 இறாத்தல், பின் றாக் 66 இறாத்தல். கோடியாக்கில் அது 88, 176. ஒரு கூலர் பெட்டி, ஒரு சங்கிலி வாள், ஒரு பெற்றோல் கான் வைத்தாலே ரீகன் தன் எல்லையை நெருங்கிவிடும்.

கடைசியாக, கட்டுரையோடு போட்டிருந்த படம். ஒருவர் ஓட்ட, அவர் முன்னால் சிறுபிள்ளை ஒன்று ஹெல்மெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. நான் பேசிக்கொண்டிருந்த வண்டிகள் எல்லாம் ஒருவர் ஓட்டுவதற்கு மட்டுமே செய்யப்பட்டவை. நீண்ட சீற் இரண்டாம் ஆளுக்காக அல்ல. மேட்டிலும் இறக்கத்திலும் ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து எடையைச் சமப்படுத்துவதற்காக. முன்னால் பிள்ளை இருந்தால் அவரால் நகர முடியாது, கைப்பிடியைத் திருப்பவும் முடியாது. பெரியவர்களுக்கான வண்டியில் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்டக்கூடாது, ஆளை ஏற்றக்கூடாது என்று வண்டியிலேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கும். அப்படியிருக்க, இதைப் பார்த்து எத்தனை அப்பாமார் அதேபோலப் பிள்ளையை ஏற்றுவார்கள் என்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. அந்தப் படம் பற்றி அடுத்த இதழில் ஒரு திருத்தக் குறிப்பு வெளியிடும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கூடவே, சொந்தக் காணியை விட்டு வெளியே போனால் ஒன்ராறியோவில் நம்பர் பிளேற்றும் காப்புறுதியும் ஹெல்மெட்டும் கட்டாயம் என்பதையும், பனி உருகும் வசந்த காலத்தில் பல பாதைகளை மூடிவைப்பார்கள் என்பதையும் அதிலேயே சேர்த்துவிட்டால் புதிதாக வாங்குகிறவர்களுக்குப் பயன்படும்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்,
லின்ட்சே, ஒன்ராறியோ