ராகி மஃபின்: நிமிடத்தோடு வாட்டையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மைக்ரோவேவ் அடுப்பில் ஒரே கப்பில் ஒருவருக்கு மட்டும் செய்துகொள்ளும் காலைச் சிற்றுண்டி மஃபின் பற்றிய குறிப்புகள் நாளிதழ் இணைப்புகளில் அடிக்கடி வருகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் பெரும்பாலானவை மைதா, வெள்ளைச் சர்க்கரை, 'இரண்டு நிமிடம் வைத்து எடுக்கவும்' என்ற மூன்றோடு முடிந்துவிடுகின்றன. ராகி விளைகிற தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதற்கு மைதாவைத் தேடிப் போக வேண்டியதில்லை. ரேஷன் கடையில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் ராகி வாங்கிக்கொள்ளும் திட்டம் 2023-இல் தருமபுரி மாவட்டத்தில்தான், நீலகிரியோடு சேர்த்து, முதலில் தொடங்கியது. மாவு வீட்டில் இருக்கிறது. ஓசூரில் அறை எடுத்துத் தங்கி முதல் ஷிஃப்டுக்கு ஓடுகிற பிள்ளைகளுக்குக் களி கிண்ட நேரமில்லை. பன்னும் டீயுமாகக் காலை கழிகிறது. அவர்களை நினைத்தே இதை விரிவாக எழுதுகிறேன்.

ஒருவருக்கான அளவு இது. ராகி மாவு 3 டேபிள்ஸ்பூன், கோதுமை மாவு 1 டேபிள்ஸ்பூன், பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. எல்லாம் தலைதட்டிய அளவு. குவித்து எடுத்தால் கணக்கு கெட்டுவிடும். இன்னொரு பக்கம் முட்டை 1, பால் 2 டேபிள்ஸ்பூன், எண்ணெய் அல்லது உருக்கிய நெய் 2 டீஸ்பூன், பொடித்த வெல்லம் ஒன்றரை டேபிள்ஸ்பூன், ஏலக்காய்த் தூள் கொஞ்சம். வெல்லத்தை வெதுவெதுப்பான பாலில் முழுதாகக் கரைத்து வடிகட்டி விடுங்கள். மண்ணும் சக்கையும் போகும் என்பது ஒரு காரணம். கரையாத வெல்லக் கட்டி இருந்தால் அந்த இடம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகிக் கருகும் என்பது இன்னொரு காரணம். பால் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் முட்டையைச் சேர்க்க வேண்டும். மஞ்சள் கருவும் வெள்ளைக் கருவும் ஒன்றாகும்வரை அடிக்க வேண்டும். உடையாத மஞ்சள் கரு உள்ளே நீராவி கட்டி வெடிக்கும்.

ராகி மாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மில்லில் அரைத்த மாவு திப்பியாக இருந்தால் மெல்லிய சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். அடி கனமான சட்டியில் சிறு தீயில் வாசம் வரும்வரை வறுத்து ஆறவைத்தால் பச்சை வாடை இருக்காது. ஒன்றரை நிமிடத்துக்குள் வேகிற பண்டத்தில் அந்த வாடை தானாகப் போக நேரம் கிடைக்காது. ஈரப் பொருள்களில் ராகி மாவையும் கோதுமை மாவையும் முதலில் கலந்து 5 நிமிடம் ஊறவிடுங்கள். ராகி மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும். ஊறாமல் வைத்தால் வெந்த பிறகும் நாக்கில் நறநறக்கும். பேக்கிங் பவுடரைக் கடைசியில் தூவி, நாலு சுற்று கலக்கி, உடனே அடுப்பில் வைக்க வேண்டும். முளைகட்டிய ராகி மாவைக் கஞ்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதால் மஃபினின் நடுப்பகுதி எத்தனை நொடி வைத்தாலும் பிசுபிசுவென்றே நிற்கும்.

கலவை இட்லி மாவைவிடச் சற்று இளக்கமாக, கரண்டியிலிருந்து பட்டையாக விழ வேண்டும். 300 மில்லி கொள்ளும் பீங்கான் கப்பில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. வேகும்போது கப்பின் வாய்வரை எழும்பி, பிறகு தணியும். தணிவதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருந்த நீராவி அடங்குகிறது, அவ்வளவுதான்.

இனி நேரம். இதில்தான் குறிப்புகள் ஆளைக் கவிழ்க்கின்றன. ஒரு வீட்டில் 700 வாட் அடுப்பு, அடுத்த வீட்டில் 900. இரண்டுக்கும் ஒரே நிமிடம் எப்படிப் பொருந்தும்? அடுப்பின் பின்பக்கத் தகட்டில் இரண்டு எண்கள் இருக்கும். 1200 போன்ற பெரிய எண் கரண்டிலிருந்து அது இழுப்பது. சமைக்க வெளிவரும் சக்தி சிறிய எண். அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மேலே சொன்ன அளவுக்கு 800 வாட்டில் 75 நொடி, 700 வாட்டில் 85 நொடி, 900 வாட்டில் 65 நொடி வைத்து நிறுத்துங்கள். ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள். கப்பில் உள்ள சூடு இந்த ஒரு நிமிடத்தில் நடுப்பகுதிவரை சமமாகப் பரவி மிச்சத்தை வேகவைக்கும். அதன் பிறகும் மேலே ஈரப்பசை தெரிந்தால் பத்துப் பத்து நொடியாகக் கூட்டுங்கள். எடுத்த எடுப்பில் இரண்டு நிமிடம் வைத்தால் ரப்பர்தான். முட்டையின் புரதம் இறுகித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். ஆறியதும் பல்லுக்கு அடங்காது.

கிராமப்புறங்களில் காலையில் வோல்டேஜ் இறங்கும் நேரங்களில் அடுப்பின் சக்தியும் இறங்கும். நேற்று சரியாக வந்தது இன்று நடுவில் கொழகொழவென்று இருக்கிறதே என்றால் குறை உங்கள் கையில் இருக்காது. அன்றைக்குப் பத்து, பதினைந்து நொடி கூட்டிக்கொள்ளுங்கள்.

முட்டை சாப்பிடாதவர்கள் முட்டையை மட்டும் நீக்கிவிட்டு இதே அளவில் செய்தால் உதிர்ந்துபோகும். ராகியில் கோதுமைக்குள்ள பசைத்தன்மை கிடையாது. முட்டைதான் அதைக் கட்டி நிறுத்துகிறது. எனவே ராகி 2, கோதுமை 2 டேபிள்ஸ்பூன், சற்றுப் புளித்த தயிர் 3, பால் 1 டேபிள்ஸ்பூன் என்று மாற்ற வேண்டும். எண்ணெயும் வெல்லமும் முன்போலவே. வெல்லத்தை அந்த ஒரு ஸ்பூன் பாலில் சூடாக இருக்கும்போதே கரைத்துவிடலாம். இதில் பேக்கிங் பவுடர் வேண்டாம். ஆப்பச் சோடா இரண்டு சிட்டிகை போதும். அதற்கு மேல் போனால் சோப்பு வாடையும் கசப்பும் வரும். மாம்பழக் காலத்தில் முட்டை சேர்த்துச் செய்யும்போது பாலில் ஒரு ஸ்பூனைக் குறைத்து, பெங்களூரா மாம்பழக் கூழ் இரண்டு ஸ்பூன் சேர்க்கலாம். இனிப்பான கூழாக இருந்தால் வெல்லத்தைப் பாதியாக்குங்கள். அப்படிச் செய்யும்போது வெல்லத்தைக் கரைக்க மிஞ்சிய ஒரு ஸ்பூன் பாலே போதும்.

மைதா மஃபின் மைக்ரோவேவில் வெளிறித்தான் வரும். ஈரமுள்ள பண்டம் 100 டிகிரியைத் தாண்டாததால் மேல்பக்கம் சிவக்காது. ராகிக்கு இயல்பிலேயே நிறம் இருப்பதால் அந்தக் குறையே தெரிவதில்லை. இந்த அடுப்புக்கு மைதாவைவிட ராகிதான் பொருத்தம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பாத்திரம்: எவர்சில்வர் டம்ளர், தங்கக் கோடு போட்ட கப், மெலமைன் கப் மூன்றும் கூடாது. கப்பை மூடவும் வேண்டாம்.

சத்து என்று பார்த்தால், 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. மூன்று ஸ்பூன் மாவு ஏறத்தாழ 25 கிராம். முட்டையின் 6 கிராம் புரதமும் சேர்ந்தால் பன்னைவிட நெடுநேரம் பசி தாங்கும். ஆனால் வெல்லமும் சர்க்கரைதான். சர்க்கரை நோயாளிகள் வெல்லம் என்பதற்காகத் துணிந்து சாப்பிடக் கூடாது. அவர்கள் வெல்லத்தை விட்டு, பாலோடு இன்னும் ஒரு ஸ்பூன் சேர்த்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், முருங்கைக் கீரை, மிளகு, சீரகம் போட்டு உப்பு மஃபினாகச் செய்யலாம். ராகியின் அளவையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. டீயோடு சேர்த்துச் சாப்பிடாமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால், உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர டீ அவ்வளவாகத் தடையாக இருக்காது.

அறையில் தங்கியிருப்பவர்கள் வறுத்த ராகி மாவு, கோதுமை மாவு, உப்பு மூன்றையும் ஒரு வாரத்துக்குக் கலந்து டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். வெல்லத்தை அதில் கலக்க வேண்டாம். ஈரம் இழுத்துக் கட்டி தட்டும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு கோரிக்கை. மைக்ரோவேவ் குறிப்பு எதை வெளியிட்டாலும் எத்தனை வாட்டுக்கு எத்தனை நொடி, கப் எத்தனை மில்லி, ஸ்பூன் தலைதட்டியதா குவித்ததா என்ற மூன்றையும் கட்டாயம் அச்சிடுங்கள். அனுப்புபவர்கள் எழுதாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
மனையியல் ஆசிரியை ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.