அட்டையைக் கழற்றிவிட்டேன், ஜெசி

தூத்துக்குடி
27.3.2025

அன்புள்ள ஜெசி,

மூன்று தடவை கேட்டுவிட்டாய், "அட்டை எப்படிப் போகுது, போட்டோ அனுப்புட்டி" என்று. மூன்று தடவையும் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருந்துவிட்டேன். நேற்று "கோபமா?" என்று ஒற்றை வார்த்தை போட்டிருந்தாய். கோபம் இல்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே கேட்பாய், நான் அழுதுவிடுவேன், மாமி பக்கத்து அறையில் இருப்பார்கள். அதனால் பிள்ளைகள் தூங்கின பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். ஹாஸ்டல் காலத்து மாதிரி கோடு போட்ட தாளில்தான்.

இங்கே எல்லாரும் சுகம். அவருக்குத் துறைமுகத்தில் இந்த வாரம் இராத்திரி ஷிஃப்ட். மாமிக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா? அவர்கள் எனக்குத் தருவதாகச் சொன்ன நார்த்தங்காய் ஊறுகாயை நான் மறக்கவில்லை என்று சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளின் தவக்காலத்துக்கு என்று நீ அனுப்பின அந்த நாற்பது கட்ட அட்டையைக் கழற்றிவிட்டேன். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, அதை முதலில் தெரிந்துகொள். நீ நல்ல மனதோடுதான் அனுப்பினாய். நானும் ஆசை ஆசையாகத்தான் பிரிண்ட் போட்டு, தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் சாயங்காலம் பூசை முடிந்து வந்ததும், நெற்றிச் சாம்பலோடேயே பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மூன்று பிள்ளைக்கும் மூன்று நிறத்தில் நட்சத்திரம். ஆண்டவருக்காகப் பிடித்தது ஒன்றை விட்டு ஒரு ஒறுத்தல் செய்தால் ஒரு நட்சத்திரம்.

நடுவுள்ளவன் மக்ரூனை விட்டான். நம்ம ஊரில், அதுவும் அவன் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற தெருவில் ரெண்டு பேக்கரியைத் தாண்டி வருகிற ஆறு வயசுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிசு என்று உனக்குத் தெரியும். மறுநாளே காலண்டரை எடுத்து விரல்விட்டு எண்ணிவிட்டு வந்து நின்றான். "அம்மா, ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை 46 வருது. 40ன்னு சொன்னீங்க." நான் முழித்தேன். மாமிதான் அவனை மடியில் உட்கார வைத்து, நடுவிலே வருகிற ஆறு ஞாயிற்றுக்கிழமையையும் ஒவ்வொன்றாக மடக்கச் சொன்னார்கள். ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அன்றைக்கு ஒருசந்தி நோன்பு கிடையாது, மீதி சரியாக 40. கணக்கு நேரானதும் அவன் முகத்தைப் பார்த்திருக்கணும். ஞாயிறு பூசை முடிந்து கோயில் படியை இறங்கும்போதே கையை நீட்டிவிட்டான். சின்னதுக்கு மூணு வயசுதானே, அவள் செருப்பை வரிசையாக வைத்ததற்கு நட்சத்திரம் வாங்கிக்கொண்டாள்.

பெரியவள்தான். மே மாதம் புதுநன்மை, அதாவது முதல்முறை நற்கருணை, வாங்கப்போகிறவள், ஞாயிறு மறைக்கல்வியில் சொன்ன எல்லாவற்றையும் மனசுக்குள் போட்டு வைத்துக்கொள்கிறவள். அவள் வரிசை மட்டும் ஓடியது. டிவி, பாலில் சீனி, பிடித்த ஹேர்பேண்ட் என்று ஒன்றொன்றாக விட்டாள். ரெண்டாவது நாளே கட்டத்தில் இடமில்லாமல் ஓரத்தில் நட்சத்திரம் ஒட்ட ஆரம்பித்தேன். பெருமை, ஜெசி. பங்கின் அன்பிய ஜெபக் கூட்டத்தில் ரெண்டு பேரிடம் சொல்லவும் செய்தேன். தம்பியிடம் "அக்காவைப் பாரு" என்று சொன்னதும் நான்தான்.

அந்த வாரம் முழுக்க அவள் பள்ளியிலிருந்து வந்ததும் நேரே முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் தடவி, பின்னலைத் தானே பிரித்துப் போட்டுக்கொண்டு வந்துதான் என் முன்னால் நிற்பாள். சொல்லாமலே செய்கிறாளே என்று நான் உச்சி முகர்ந்தேன்.

14ஆம் தேதி, ரெண்டாவது வெள்ளி. மதியம் மூணு மணிக்குப் பள்ளியிலிருந்து போன். மைதானத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். நம்ம ஊர் மார்ச் வெயில் தெரியுமே, வெயில்தான் என்று நினைத்து ஓடினேன். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றின பிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளை மதியம் சாப்பிடுறது இல்லையா?" என்று கேட்டார். டிபன் பாக்ஸ் தினமும் காலியாகத்தான் வந்துகொண்டிருந்தது. முதல் வெள்ளியிலிருந்து ஆறு பள்ளி நாள், சோற்றைப் பெஞ்சில் இருக்கிற பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டு, குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு இருந்திருக்கிறாள்.

அதைத் தன் நட்சத்திரத்தில் சேர்க்கவே இல்லை பார்த்துக்கொள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சாம்பல் புதன் சுவிசேஷத்துல அப்படித்தானம்மா வருது. ஒருசந்தி இருந்தா யாருக்கும் காட்டக்கூடாது, முகம் கழுவி எண்ணெய் வச்சுக்கணும்னு" என்றாள். கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்கிறாள். எனக்கு அந்த எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை, ஜெசி. தினமும் சாயங்காலம் அந்தத் தலையைத்தான் முகர்ந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் அடுத்தது மாமி. உனக்குத் தெரியும், தவக்காலம் வந்தால் புதனும் வெள்ளியும் மாமி ஒருசந்திதான். காலையில் வரக்காப்பி, மதியம் ஒருநேரச் சோறு, அதோடு சரி. எழுபத்தொன்று ஆகிறது. பிள்ளை ஆச்சியைப் பார்த்துத்தான் கற்றிருக்கிறாள் என்று தெரிந்ததும் அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. இராத்திரி ஜெபம் முடிந்து எல்லாரும் எழுந்த பிறகும் முழங்காலிலேயே இருந்தார்கள். அந்த முட்டுவலியோடு. தூக்கிவிடப் போனேன். "எத்தனை வருஷமா அந்த வாசகத்தைக் கேட்டிருக்கேன். ஒளிச்சுச் செய்யத் தெரியாமப் போச்சே எனக்கு" என்று அழுதார்கள். கல்யாணமாகி வந்த பதினோரு வருஷத்தில் மாமி அழுது நான் பார்த்தது மாமா இறந்தபோது ஒரு தடவை, இது ஒரு தடவை.

பெரியவளை இதில் இறக்கிவிட்டது இன்னொன்றும் உண்டு. இந்த வருஷம் நம்ம தவக்காலமும் ரமலானும் ஒன்றாக வந்திருக்கின்றன அல்லவா, அவர்களுக்கு மார்ச் 2, நமக்கு மார்ச் 5. அவள் பெஞ்சில் கூட உட்காருகிற பிள்ளை திங்கட்கிழமை வந்து "நேத்து நான் நோன்பு வச்சேன்" என்று சொல்லியிருக்கிறாள். இவளுக்கு அது மனசில் தைத்துவிட்டது. அவளால் முடியும் என்றால் நம்மால் முடியாதா? அந்தப் பிள்ளையின் அம்மா விஷயம் கேள்விப்பட்டு அன்றைக்கே ஆறு மணிக்கு முன்னால் தூக்குவாளியில் நோன்புக்கஞ்சி கொண்டுவந்தார். "இன்னைக்கு உங்களுக்கு வெள்ளிக்கிழமைல்லா, கறி போடாம வச்சேன்" என்றார். தானே நோன்பு திறக்காமல், தண்ணீர்கூடக் குடிக்காமல், எங்கள் வெள்ளிக்கிழமையை நினைத்துக் கஞ்சி வைத்திருக்கிறார். "எங்க பிள்ளைக்கும் நாங்க இன்னும் முழு நோன்பு வைக்கலைக்கா. லீவு நாள்ல அரை நாள், பழக்கத்துக்கு. பசிச்சா சாப்பிட்டுரும்" என்று சொல்லிவிட்டு பாங்கு சொல்வதற்குள் வீட்டுக்குப் போகணும் என்று ஓடினார். பெரியவள் ரெண்டு டம்ளர் குடித்தாள்.

மறுநாள் பங்குச்சாமியைப் போய்ப் பார்த்தேன். திட்டுவார் என்றுதான் போனேன். அவர் திருச்சபைச் சட்டப் புத்தகத்தை எடுத்து 1252ஆம் எண்ணைப் பிரித்துக் காட்டினார். சுத்தபோசனம், அதாவது கறி தவிர்ப்பது, 14 வயது முடிந்தவர்களுக்கு. ஒருசந்தி 18 முடிந்தவர்களுக்கு, அதுவும் அறுபதாவது வயது தொடங்கும் வரைதான். அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டில் ஒருசந்தி இருக்கவேண்டியது நானும் அவரும் மட்டும்தான். இருந்ததோ எழுபத்தொன்றும் ஒன்பதும். அதே எண்ணின் கடைசியில் இன்னொரு வரி இருக்கிறது. வயது வராத பிள்ளைகளுக்குத் தவத்தின் உண்மையான பொருளைச் சொல்லி வளர்ப்பது பங்குக்குருவுக்கும் பெற்றோருக்கும் கடமை என்று. சாமி அந்த வரியில் விரலை வைத்து, "இதுல நானும் இருக்கேன், நீயும் இருக்கே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அதுவே போதும் என்று இருந்தது.

பொருளைச் சொல்லாமல் நட்சத்திரத்தை மட்டும் ஒட்டியிருக்கிறேன். எவ்வளவு விட்டாய் என்று கேட்டேனே தவிர, யாருக்காக விட்டாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை. நாமே என்ன செய்கிறோம் சொல். வெள்ளிக்கிழமை கறி இல்லை என்போம், சீலாத் துண்டு வறுத்துவைத்துச் சாப்பிடுவோம். கடல்கரையில் பிறந்தவளுக்கு மீன் ஒரு ஒறுத்தலா? எனக்கு நிஜமான ஒறுத்தல் காலை ஏழரை மணிக்கு இருக்கிறது. ஷூ ஒன்று காணாமல் போகும்போது, சின்னது பாலைக் கொட்டும்போது, குரலை உயர்த்தாமல் இருப்பது. 15ஆம் தேதியிலிருந்து அதைத்தான் செய்ய முயல்கிறேன். பன்னிரண்டு நாளில் நாலு நாள் முடியவில்லை. முடியாத அன்று இராத்திரி ஜெபத்தில் பிள்ளைகள் முன்னாலேயே மன்னிப்புக் கேட்கிறேன். முதல் நாள் நடுவுள்ளவன் பயந்துபோய்விட்டான், இப்போது "பரவாயில்லம்மா" என்கிறான்.

அட்டை இருந்த இடத்துக்குக் கீழே இப்போது ஒரு பழைய ஹார்லிக்ஸ் டின் இருக்கிறது. யோசனை மாமியுடையது. அவர்கள் சின்னவயதில் வீட்டில் பிடியரிசி எடுப்பார்களாம், உலைக்கு அரிசி களையும் முன் ஒரு பிடி தனியாகப் பானையில். இப்போது காலையும் இராத்திரியும் எங்கள் வீட்டில் அரிசி அளந்ததும் எல்லாரும் வரிசையில் வரவேண்டும். மாமி ஒரு பிடி, நான் ஒரு பிடி, பெரியவள், நடுவுள்ளவன். சின்னது கையை உள்ளே விட்டு இறுக்கிப் பிடித்து வெளியே எடுக்கும்போது விரல் சந்து வழியாகப் பாதி கொட்டிவிடும், உள்ளங்கையில் முப்பது நாற்பது மணிதான் மிஞ்சும். அதை அவள் டின்னுக்கு மேலே கொண்டுபோய், கையைத் திறந்து, ஒட்டியிருக்கிற ஒவ்வொரு மணியையும் மறுகையால் தட்டி விழவைக்கிறாள். ஒன்றைக்கூட விடமாட்டாள். அதுவரை குக்கர் காத்திருக்கும். தரையில் கொட்டினதை மாமி உட்கார்ந்து பொறுக்குவார்கள். நேற்று நிறுத்துப் பார்த்தார்கள், மூன்றரைக் கிலோ. பெரிய வெள்ளிக்குக் கோயிலில் கஞ்சி காய்ச்சுவார்கள் அல்லவா, அதற்கு. பசி வந்தவர்கள் குடிக்கப்போகிற கஞ்சி என்று பெரியவளிடம் சொன்னேன். "அப்ப நான் மதியம் சாப்பிட்டுட்டு இதைக் குடுக்கலாம்லா?" என்று கேட்டாள். சாப்பிட்டுவிட்டுத்தான் கொடுக்கணும் என்றேன். டிபன் பாக்ஸில் இப்போது ரெண்டு பருக்கையை ஒட்டவிட்டே கொண்டுவருகிறாள், சாப்பிட்டதற்கு எனக்கு அடையாளமாம்.

வெள்ளிக்கிழமை கோயில் சிலுவைப் பாதைக்குப் பெரியவளையும் மாமியையும் மட்டும் அவர் கூட்டிப்போகிறார். சின்னதுகளுக்கு வீட்டு நடையிலேயே. பழைய கோயில் காலண்டரிலிருந்து ஆண்டவர் சிலுவை சுமந்த பாதையின் பதினாலு தலத்துப் படத்தையும் வெட்டி, அவர்கள் கண் உயரத்துக்கு ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தலத்திலும் ஒரு மெழுகுதிரி ஏற்றி, ஒரு வரி சொல்லி, ஒரு கும்பிடு. சின்னது ஒவ்வொன்றையும் ஊதி அணைத்துக் கைதட்டுகிறது, அவளுக்கு மெழுகுதிரி என்றால் பிறந்தநாள்தான். முதல்முறை அதட்டினேன். இப்போது விட்டுவிட்டேன், பதினாலு தடவை ஏற்றுகிறேன். நடுவுள்ளவனுக்கு, ஆண்டவரின் சிலுவையைச் சுமக்கச் சீமோன் உதவுகிற ஐந்தாம் தலம் பிடித்துப்போய்விட்டது. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து ஆட்டோ நின்ற இடத்திலிருந்து வாசல் வரை அவள் பையை இவன்தான் தூக்குகிறான். அவன் பை முதுகில், அவள் பை நெஞ்சில். "நான் சீரேன் ஊர் சீமோன்" என்று தெருவே கேட்கச் சொல்லிக்கொண்டு வருகிறான்.

இன்னொன்று. இராத்திரி ஜெபத்தில் பாப்பரசர் பிரான்சிசுக்காக வேண்டிக்கொண்டு வந்தோம், பிப்ரவரி 14 அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து. ரெண்டு நுரையீரலிலும் நிமோனியா என்றதும் மாமி தனியாக ஒரு ஐம்பத்துமூணு மணி ஜெபமாலை சேர்த்துக்கொண்டார்கள். போன ஞாயிறு மாடத்தில் வந்து நின்றதை வீடியோவில் காட்டினேன். கையைத் தூக்கவே அவருக்கு முடியவில்லை, பார்த்தாயா? பெரியவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவரு ஒருசந்தி இருக்க வேண்டாம்லாம்மா, அறுபது தாண்டிட்டே" என்றாள். சாமி காட்டின சட்டம் அவளுக்கு மனப்பாடம். அன்றைக்குச் சுவிசேஷமும் காய்க்காத அத்திமரம். இன்னும் ஒரு வருஷம் விட்டுவையுங்கள், சுற்றிக் கொத்தி எருப்போடுகிறேன் என்று தோட்டக்காரன் கெஞ்சுகிற இடத்தில் என்னால் நிமிரமுடியவில்லை.

நீ பெரிய வாரத்துக்கு வருகிறேன் என்று மூணு வருஷமாகச் சொல்கிறாய், வருவதில்லை. இந்தத் தடவை வா. குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 13. 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும், அதற்கு அப்புறம் வந்துவிட்டு நல்ல மீன் இல்லை என்று என்னிடம் சண்டை பிடிக்காதே. உன் இரட்டையரையும் கூட்டிக்கொண்டு வா. கஞ்சி அரிசியை வியாழக்கிழமை காலையில் கோயிலில் கொடுக்கணும், புதன் இராத்திரிக்குள் வந்தால் அவர்களும் ஒரு பிடி போடலாம். பெரியவள் இப்போதே டின் பக்கத்தில் இன்னொரு டின் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். ஊறுகாயை மறந்துவிடாதே.

உன்
புஷ்பா