நிவர் புயல்: நாளைக்கு பிள்ளைங்களோட பள்ளிக்கூடத்துக்கு வந்துடுங்க

24.11.2020, செவ்வாய்

பெற்றோர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நிவர் நாளைக்கு சாயங்காலம் காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவுல கரையை கடக்கும்னு வானிலை மையத்துல சொல்லியிருக்காங்க, அது நமக்கு வடக்கதானே சார், வேதாரண்யம் பக்கம் என்ன வந்துடப்போகுதுன்னு காலையிலேர்ந்து நிறைய பேர் போன் பண்ணிட்டீங்க. கஜா புயலையும் முதல்ல கடலூருக்கு வடக்க போகும்னுதான் சொன்னாங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கீழ எறங்கி 2018 நவம்பர் 16 விடியறதுக்குள்ள நம்ம தலைமேலயே வந்துச்சு. அதனால வடக்கன்னு சொல்லிட்டு யாரும் வீட்டுல இருந்துடாதீங்க, முக்கியமா இன்னும் தார்ப்பாய் கட்டியிருக்குற வீட்டுக்காரங்க, ஓட்டு வீட்டுக்காரங்க.

நாளைக்கு மதியம் மூணு மணிக்குள்ள வந்துடுங்க. கஜா நடுராத்திரிக்கு மேலதான் அடிச்சுச்சு, கரண்டு போன இருட்டுல, ரோட்டுல மரம் விழுந்து கெடக்க, கைக்குழந்தைய தூக்கிட்டு ஓடி வந்தவங்க நம்ம ஊர்லயே எத்தனை பேர். ஆட்டுக்குட்டி கெடக்கு, மோட்டார் கெடக்குன்னு ஒரு ஆள் மட்டும் வீட்டுல தங்குறதும் வேண்டாம். ஆடு மாட்டை அவுத்து விட்டுட்டு வாங்க. இன்னொண்ணு, காத்து திடீர்னு நின்னு அமைதியாயிட்டா புயல் போயிடுச்சுன்னு வெளிய வந்துடாதீங்க, புயலோட நடுப்பகுதி, அதான் கண்ணு, நம்மள தாண்டுற நேரம் அப்படித்தான் இருக்கும், அப்புறம் எதிர்ப்பக்கத்துலேர்ந்து அதே வேகத்துல திரும்ப அடிக்கும்.

பிள்ளைங்க விஷயம்தான் எனக்கு ரொம்ப கவலையா இருக்கு. மார்ச்லேர்ந்து பள்ளிக்கூடம் மூடி கெடக்கு, அதுங்க மனசுல என்ன ஓடுதுன்னு பக்கத்துல இருந்து பாக்க எங்களுக்கு வழியில்ல. நேத்து வீட்டுப்பாடம் வாங்க ஒரு வீட்டுக்கு போயிருந்தேன், ஏழாவது படிக்கிற பொண்ணு, தூறல் ஆரம்பிச்ச உடனே புத்தகப்பைய தூக்கி பீரோ மேல வச்சுட்டு தம்பி கையை புடிச்சுக்கிட்டு வாசப்படியில உக்காந்துடுச்சு, எவ்வளவு கூப்பிட்டும் உள்ள வரல. கஜா அப்ப எல்லாரும் தூங்கிட்டிருக்கும்போதே அவங்க வீட்டு கூரை ஷீட்டு பேந்து போச்சு. அந்த பிள்ளைகிட்ட போய் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னா நம்புமா? அப்படி சொல்லாதீங்க. இந்த நேரத்துக்கு கெளம்புறோம், இந்த ரூம்ல தங்குறோம், அம்மா கூடவே இருப்பேன்னு நடக்கப்போறத சொல்லுங்க. டிவியில பழைய கஜா வீடியோ போட்டுக்கிட்டே இருக்காங்க, அதை ஆஃப் பண்ணிடுங்க.

புது கான்கிரீட் கட்டிடத்துல மட்டும்தான் தங்கணும், பழைய ஓட்டு கட்டிடத்தை பூட்டிட்டோம். கஜா அப்ப கரண்டு இல்லாம டேங்குல தண்ணி ஏத்த முடியாம ஒரு குடம் தண்ணிக்கு ஜெனரேட்டர்காரர தேடி அலைஞ்சோம்ல, அதனால டேங்கை இன்னிக்கே ரொப்பிட்டோம், ஜெனரேட்டரும் சொல்லி வச்சாச்சு. எல்லாரும் மாஸ்க் போட்டுக்கிட்டு வாங்க, கொரோனா இருக்கறதால ஒரு ரூம்ல நெருக்கி படுக்க வைக்க முடியாது, அதனால வகுப்பு வகுப்பா பிரிச்சு தங்க வைப்போம், கோச்சுக்காதீங்க.

ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், பத்தாவது மார்க் ஷீட் எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு கையோட கொண்டு வாங்க. மாத்திரை சாப்பிடுறவங்க ஒரு வாரத்துக்கு எடுத்துக்குங்க. பாடப்புத்தகம் நனைஞ்சா நான் வேற வாங்கி தர்றேன், அதுக்காக பிள்ளைய யாரும் திரும்ப வீட்டுக்கு அனுப்பாதீங்க.

கஜாவுக்கப்புறம் வச்ச தென்னங்கன்னு இப்பத்தான் இடுப்பு உயரம் வந்திருக்கு, காய்க்க இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும், அதையும் விட்டுட்டு வரச்சொல்றேன்னு எனக்கு தெரியுது. ஆனாலும் வாங்க. நானும் நம்ம டீச்சர்களும் நாளைக்கு காலையிலேர்ந்து இங்கதான் இருப்போம். பஸ் ஓடாது, வயசானவங்களுக்கு வண்டி வேணும்னா இன்னிக்கு ராத்திரிக்குள்ள எனக்கு போன் பண்ணுங்க, என் லைன் கிடைக்கலைன்னா மாவட்ட கண்ட்ரோல் ரூம் 1077.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்