எர்த்தை முதலில் பாருங்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை

நம் பழைய கார் சங்கத்தின் உறுப்பினர்களுக்கும் கூட வந்திருக்கும் வீட்டாருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன, புது உறுப்பினர்கள் சிலர் சேர்ந்திருக்கிறார்கள், மகிழ்ச்சி. மற்றபடி இந்த ஆண்டு நம் நேரத்தை எல்லாம் எடுத்துக்கொண்டது கார்களின் வயரிங்தான், அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நம் தூத்துக்குடிக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்போது தண்ணீரில் நின்ற அம்பாசடர், பத்மினி, மாருதி 800 எல்லாவற்றையும் காயவைத்து, ஆயில் மாற்றி, ஓட்டவும் ஆரம்பித்துவிட்டோம், ஆனால் வயருக்குள் ஏறிய ஈரம் அங்கேயே இருந்து செம்பை அரித்துக்கொண்டிருந்தது. போதாததற்கு நம் ஊர் உப்புக் காற்று. மேலே பார்த்தால் வயர் நன்றாக இருக்கும், உறையைச் சீவினால் உள்ளே பச்சை பூத்துக் கிடக்கும். அதன் பலன்தான் இப்போது ஒவ்வொரு காராக வெளியே வருகிறது.

பழுது பார்க்கும் ஞாயிறுகளுக்கு வந்தவர்களில் பலர் சொன்னது ஒன்றே: பேட்டரி போச்சு, இல்லையென்றால் டைனமோ போச்சு. ஒரு உறுப்பினர் புது பேட்டரியே வாங்கிப் போட்டுவிட்டார், ஹெட்லைட் மட்டும் பழையபடி மங்கல். மீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரியில் வோல்டேஜ் சரியாக இருக்கிறது, பல்பு ஹோல்டருக்குப் போய்ச் சேருவதற்குள் இரண்டு வோல்ட் காணோம். கணக்கு எளிது. இரண்டு 60 வாட் பல்பு சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், வழியில் உள்ள இணைப்புகள் எல்லாம் சேர்ந்து 0.2 ஓம் தடை கொடுத்தாலே 2 வோல்ட் போய்விடும். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். ராத்திரி திருச்செந்தூர் ரோட்டில் குறுக்கே மாடு நின்றால் என்ன ஆகும்?

எர்த், அதாவது கரண்ட் கார் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, இதைவிட முக்கியம். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் லேசாக எரிகிறது, இண்டிகேட்டர் போட்டால் டெயில் லேம்ப் சேர்ந்து துடிக்கிறது என்றால் சுவிட்சைப் பிரிக்காதீர்கள், அந்த விளக்கின் எர்த்தைப் பாருங்கள். பாடிக்குப் போக வழி கிடைக்காத கரண்ட் அடுத்த பல்பின் வழியாகத் திரும்புகிறது. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் எர்த் பட்டை அறுந்திருந்தால் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போகும். செல்ஃப் அடிக்கும்போது கேபிள் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். பட்டை மலிவான சாமான், தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

சோதிக்கும்போது விளக்கை எரியவிட்டே அளக்க வேண்டும். வயரைக் கழற்றி வைத்து பீப் சத்தம் கேட்டால் வயர் நல்லது என்று நினைக்கிறோம், ஆனால் பத்து இழை அறுந்து ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், இன்னொரு முனை விளக்கின் பிளஸ்ஸில், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் கோளாறு. எர்த் பக்கம் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அப்புறம் ஒவ்வொரு இணைப்பாக நகர்ந்து வந்தால் தொலைந்த வோல்ட் எங்கே என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தை விட்டுவிடுவோம். நம் வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து ஆறு மாதத்தில் அவிழ்ந்துவிடுகிறது. வயரை ஈயத்தால் பற்றவைக்கும் சால்டரா, வயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோகத் திம்பிளா என்று கூட்டத்தில் நல்ல விவாதம் நடந்தது. சால்டர் ஏறின இடம் விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்தில் வயர் ஒடிவதைப் பார்த்திருக்கிறோம், அதனால் சரியான கருவியில் அழுத்திய திம்பிளும் சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவும்தான் என் கட்சி. கறுத்துப்போன செம்பில் திம்பிள் போட்டுப் பயனில்லை, பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டி, தேவையானால் ஒட்டு வயர் சேர்க்க வேண்டும். எர்த் போல்ட் அடியில் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றுவதை யாரும் மறக்கக் கூடாது.

ஹெட்லைட்டுக்கு ரிலே, அதாவது சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச், போட்ட கார்களில் வித்தியாசம் கண்கூடு. பழைய சுவிட்ச் இப்போது ரிலே காயிலுக்கான சிறு கரண்டை மட்டும் சுமக்கிறது, பல்புக்கு வேண்டியது பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக நேராகப் போகிறது. அந்த பியூஸ் பேட்டரி பக்கத்திலேயே இருக்கட்டும். பியூஸ் இடத்தில் சிகரெட் தாள், தடித்த கம்பி சுற்றிய கார்களையும் பார்த்தோம், பெட்ரோல் வண்டியில் அது உயிரோடு விளையாடுவது. அப்படி வரும் காரை சரி செய்யாமல் அனுப்புவதில்லை என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது, பத்மினி அதற்கும் வெகு முன்னால். முழு ஹார்னஸ், அதாவது காருக்கான மொத்த வயர் கட்டு, கிடைப்பது அரிது, கிடைத்தாலும் வயர் நிறம் மாறி வருகிறது. ஆகவே ஒவ்வொருவரும் தன் காரில் எந்த வயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து கிளவ் பாக்ஸில் வைக்க வேண்டும். இளைஞர்கள் வரைந்து தர முன்வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு மனமார்ந்த நன்றி. ஞாயிறுதோறும் கூலி வாங்காமல் கற்றுத்தந்த எலக்ட்ரீஷியன் அண்ணாச்சிக்கும் நன்றி.

சங்கத்துக்கு திம்பிள் அழுத்த ஒரு நல்ல கிரிம்பிங் கருவியும் இன்னொரு மல்டிமீட்டரும் வாங்க இந்தப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்டுக்கொள்கிறேன்.