ராத்திரி வண்டி

பொள்ளாச்சி,
ஆடி இரண்டாம் வெள்ளி

கண்ணு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். லட்சுமி போன வாரம் ஈன்றாள், காளைக்கன்று. மேற்கு வீட்டு விவகாரம் நீ சொன்னபடியே முடிந்தது. அதைப் பற்றி மேலே எழுதக் கை வரவில்லை. அம்மா முழங்காலுக்கு அந்தப் பழைய தைலத்தையே தேய்த்துக்கொண்டிருக்கிறாள். மாத்திரை போடு என்றால் கேட்பதில்லை. நீயாவது சொல்.

பொலிவியாவின் உயுனியிலிருந்து நீ கடைசியாகச் செய்தி போட்டு இன்றோடு பதினோரு நாள். மூன்று நாள் ஜீப் பயணம், சிக்னல் இருக்காது, கவலைப்படாதீர்கள் என்று எழுதியிருந்தாய். மூன்று நாள் கவலைப்படவில்லை. நாலாம் நாள், களைத்துத் தூங்கியிருப்பாள் என்று அம்மாவிடம் சொன்னேன். ஐந்தாம் நாளுக்குப் பிறகு அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அண்ணன் காலையும் மாலையும் ஃபோனைப் பார்த்துவிட்டு, "ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது" என்கிறான். அது என்ன டிக்கோ.

ஓய்வு பெற்றபோது டிப்போவில் கொடுத்த கைக்கடிகாரத்தை உன் நேரத்துக்கு வைத்திருக்கிறேன். பெருவில் நீ இருந்தபோது பத்தரை மணி நேர வித்தியாசம். பொலிவியாவுக்குள் நுழைந்ததும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளினேன். சிலிக்குள் போயிருந்தாலும் இந்த மாதத்தில் அதே கணக்குதான் என்று அண்ணன் பார்த்துச் சொன்னான். அதனால் முள்ளைத் தொடவில்லை.

நீ அனுப்பிய படங்களை எல்லாம் டிப்போவுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். டிட்டிகாக்கா ஏரியில் பஸ்ஸை மரத்தெப்பத்தில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகிறார்களே, அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு டைம் கீப்பர் சிரித்த சிரிப்பு அடங்கவே இல்லை. ஆட்களை இறக்கித் தனிப் படகில் அனுப்பிவிட்டு, வண்டி மட்டும் ஆடிக்கொண்டே போகிறது! டிரைவர் தெப்பத்தில் வண்டியோடு போவானா, பயணிகளோடு போவானா என்று ஒரு பெரிய வழக்கே நடந்தது. நான், வண்டியோடுதான் என்றேன். சரியா? பார்த்துச் சொல்.

கோபகபானாவில் மாதா கோயில் வாசலில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பூமாலை போட்டு, பாதிரியார் தீர்த்தம் தெளிக்கிற படத்தை அம்மா பூஜையறையில் ஒட்டிவைத்திருக்கிறாள். நம் ஆயுத பூஜை போலவே இருக்கிறது. பூசணிக்காய்க்குப் பதிலாக பீரை ஊற்றுகிறார்கள், அவ்வளவுதான். பீர் விஷயத்தை அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்த யுங்காஸ் சாலைதான் எனக்குப் பொறுக்கவில்லை. லா பாஸிலிருந்து கொரோய்க்கோவுக்கு இறங்குகிற பழைய மலைப்பாதையில் சைக்கிளில் போனேன் என்று, போய் முடித்த பிறகு எழுதுகிறாய். மரணச் சாலை என்று உலகமே பெயர் வைத்திருக்கிற இடம். பொலிவியாவும் பராகுவேயும் மோதிய சாக்கோ போரில் பிடிபட்ட பராகுவே கைதிகளை வைத்து 1930-களில் வெட்டியது என்று படித்தேன். அதற்கு மாற்றாக 2006-இல் புதுச் சாலை போட்டு, பஸ்ஸெல்லாம் அந்த வழியாகப் போன பிறகும், வேடிக்கை பார்க்கவென்று பழைய சாலையில் இறங்குகிறார்களாம். என் மகளும் இறங்கியிருக்கிறாள். திட்டவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நீ கவனித்து எழுதியிருந்தாயே ஒரு வரி, நாடு முழுக்க வலப்பக்கம் போகிறவர்கள் அந்தச் சாலையில் மட்டும் இடப்பக்கம் போகிறார்கள் என்று. அதைப் படித்ததும் கோபம் பாதி போய்விட்டது. அவர்களுக்கு ஸ்டியரிங் இடது கைப்பக்கம். இறங்குகிற வண்டி பள்ளத்து ஓரமாக ஒதுங்கவேண்டும். இடப்பக்கம் போனால் டிரைவர் தலையை நீட்டித் தன் சக்கரம் எங்கே நிற்கிறது என்று தானே பார்த்துக்கொள்ளலாம். நமக்கு ஸ்டியரிங் வலது பக்கம். வால்பாறைச் சாலையில் பள்ளம் இடது கைப்பக்கம் வரும் இடத்தில் கண்டக்டர் கழுத்தை நீட்டி, வரலாம், வரலாம் என்று சொன்னால்தான் உண்டு. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் நான் அடுத்தவன் கண்ணை நம்பித்தான் ஓட்டினேன். இதெல்லாம் யாரும் சொல்லாமல் உன் கண்ணில் படுகிறது பார். அண்ணனுக்கு ஒருநாளும் பட்டதில்லை.

அதற்காக நீ செய்தது சரியென்று நினைக்காதே. முப்பத்தோரு வயது. கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு, பங்குனியில் ஈக்வடாரின் கீட்டோவில் இறங்கியவள் ஆடி வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறாய். காசு எப்படி என்று கேட்டால் இருக்கிறது என்கிறாய். உடம்பு எப்படி என்றாலும் அதே பதில். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். உயுனியில் நீ நின்ற உப்புவெளி 3,650 மீட்டர். அதற்கு மேல் அந்த ஜீப், வெந்நீர் ஊற்றும் ஆவியும் கொதிக்கிற இடத்துக்கு 4,800 மீட்டருக்கு மேலே ஏறுகிறதாம். அங்கே இப்போது குளிர்காலம். ராத்திரியில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரி. கோக்கா இலைத் தேநீர் குடித்தால் மூச்சுத்திணறல் குறையும் என்று எழுதினாய், குடி. ஆனால் சிலி எல்லையில் அந்த இலை பையில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. பழம், விதை எதுவும் விடமாட்டார்களாம். அம்மா கொடுத்த சுண்டைக்காய் வற்றல் இன்னும் மிச்சமிருந்தால் எல்லைக்கு முன்பே தின்றுவிடு அல்லது யாருக்காவது கொடுத்துவிடு. நம் வற்றலைப் போல அவர்கள் உருளைக்கிழங்கை ராத்திரிப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்துத் தண்ணீர் பிழிந்து, வெயிலில் காயவைக்கிறார்கள் என்றாயே, அது நாற்றம் அடிக்காதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

ராத்திரி வண்டி ஏறாதே. பகலில் போ, நேரம் ஆனால் ஆகட்டும். ஏறுவதற்கு முன்னால் டிரைவர் முகத்தை ஒரு தரம் பார். உட்கார்ந்தபடியே கண் சொருகினால் இறங்கிவிடு, டிக்கெட் காசு போனால் போகட்டும். நடுவில் உட்கார், சக்கரத்துக்கு மேலே வேண்டாம். முதல் சீட் வேடிக்கைக்கு நன்றாக இருக்கும், இருந்தாலும் வேண்டாம். பையை மேலே வைக்காமல் காலுக்கிடையில் வைத்துக்கொள். மறியல் என்று சாலையில் கல்லைப் போட்டு அடைத்துவிட்டால் இறங்கி நடந்து போகாதே, ஊர்க்காரர்கள் என்ன செய்கிறார்களோ அதைச் செய். ராத்திரி வண்டி மட்டும் வேண்டாம்.

உன் வழியை அண்ணனுடைய பழைய அட்லாஸில் சிவப்புப் பென்சிலால் போட்டுவைத்திருக்கிறேன். இனி அத்தகாமா பாலைவனம், பிறகு ஹாமா கணவாய் வழியாக அர்ஜென்டினா. பனி விழுந்தால் அந்தக் கணவாயை மூடிவிடுவார்களாம். ஒருவேளை அங்கேதான் மாட்டிக்கொண்டாயோ என்று நானே ஒரு சமாதானம். அப்புறம் சால்டா, அங்கிருந்து தெற்கே, மொத்தம் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளுகிற நாற்பதாம் எண் சாலை. மகெல்லன் நீரிணையில் மறுபடியும் வண்டி படகில் ஏறுமாம். கடைசியில் உஷுவாயா. அதையும் தாண்டி லபதாயியா என்ற இடத்தில், புவெனஸ் அய்ரஸ் 3,079 கிலோமீட்டர் என்று பலகை வைத்திருக்கிறார்களாம். அதோடு சாலை முடிகிறது. சாலை முடிந்தால் டிரைவர் வண்டியைத் திருப்பித்தானே ஆகவேண்டும். நீ எப்படி யோசிக்கிறாய் என்று கேட்கவில்லை. பென்சில் கோடு அங்கே நிற்கிறது, அதனால் எழுதினேன்.

வக்கீல் ஆபீஸிலிருந்து வந்த கவர் பீரோவில், நீ சொன்ன இடத்தில் இருக்கிறது. பிரிக்கவில்லை.

பகலில் ஏறினாலும் வண்டி ராத்திரி முழுக்க ஓடும் என்று நீ சொல்வாய், தெரியும். அங்கே தூரம் அப்படி. படுத்துக்கொண்டே போகிற சீட் இருக்கிறது என்றும் சொல்வாய். இருந்தாலும் ராத்திரி வண்டி ஏறாதே.

இதோடு மூன்று தரம் எழுதிவிட்டேன். ஒவ்வொரு தரமும் கை நின்று நின்றுதான் எழுதியது.

அந்தக் கார்த்திகையில் நீ ஃபோன் செய்தாயே. நான் தீபத்தை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன். மணி ஒன்பதே முக்கால். "அப்பா, நான் வாசலில் நிற்கிறேன், இப்போது கிளம்பினால் ஊருக்கு வண்டி இருக்கிறதா" என்று கேட்டாய். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று பயம். அடுத்த வாரம் சித்தப்பா வீட்டுக் கல்யாணம், சம்பந்தி வீட்டார் எல்லோரும் வரவேண்டும், அதுதான் மனதில் ஓடியது. "கடைசி வண்டி போயிருக்கும் கண்ணு, உள்ளே போய்ப் படு, காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்றேன்.

கோவை உக்கடத்திலிருந்து வண்டி இருந்தது. அதற்குப் பிறகும் இருந்தது. முப்பத்தோரு வருடம் அந்த ஸ்டாண்டில் வண்டி எடுத்தவனுக்கு நேரம் தெரியாதா? ஸ்கூட்டரை எடுத்தால் நானே ஒன்றரை மணி நேரத்தில் உன் முன்னால் நின்றிருக்கலாம். இல்லை என்று சொல்லிவிட்டு, கதவைத் தாழ் போட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் நீ பேசவில்லை. நானும் பேசவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த வீட்டில் இருந்தாய்.

ஒன்று மட்டும் பல ராத்திரி யோசித்திருக்கிறேன். சின்ன வயதில் என் ட்ரிப் ஷீட்டைப் பார்த்து வண்டி நேரங்களை ஒப்பிப்பாய். எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று கண்டக்டர்களையே திருத்துவாய். அன்றைக்கு நான் இல்லை என்றபோது, இருக்கிறது என்று உனக்குத் தெரியும்தானே? தெரிந்துகொண்டுதான் "சரிப்பா" என்றாயா?

பதில் எழுதவேண்டாம். எழுதினாலும் பரவாயில்லை.

அம்மாவுக்கு அந்த ஃபோன் வந்ததே தெரியாது. இந்தக் கடிதத்தை அவள் படிக்கவில்லை. நாலு பக்கத்தையும் நானே படம் எடுத்து அனுப்புகிறேன், அண்ணனிடம் கொடுக்கவில்லை. எழுத்து சரியாக விழுந்திருக்கிறதோ என்னவோ. மூன்றாம் பக்கத்தில் விளக்கின் நிழல் விழுகிறது.

குல்லாவைக் காது மூட இழுத்துப் போட்டுக்கொள். கன்றுக்குப் பெயர் வைக்கவில்லை, நீ வைப்பாய் என்று அம்மா விட்டுவைத்திருக்கிறாள்.

எந்த ஊரில் இருக்கிறாய் என்று ஒரு வரி போடு. வண்டி ஏறும்போது எத்தனை மணி வண்டி என்று போடு. ராத்திரி வண்டியானாலும் போடு, நான் விழித்துத்தான் இருக்கிறேன்.

அப்பா