ஆரஞ்சுத் தோல் விஷயம்

அன்புள்ள ரவி,

எழுத்து பூசணிக்காய் அளவில் இருக்கிறதே என்று சிரிக்காதே. இடது கண்ணில் புரை எடுத்து இரண்டு வாரமாகிறது. கண்ணாடி எழுதித் தர இன்னும் சில வாரங்களாம். எட்டு மாதமாகப் பதில் போடாததற்கும் கண்ணையே காரணமாக வைத்துக்கொள். மெஸ் மணி வந்திருந்தான். அப்படியே இருக்கிறான், கடன் கேட்டான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை என் பெண்ணை உட்காரவைத்து, ஆட்ரி ஹெப்பர்ன் நடித்த பழைய ஹாலிவுட் படம் 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்' போட்டேன். காதல் படம் என்றால் இதுதான் என்று பீற்றல் வேறு. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, கதாநாயகியின் மேல்வீட்டு ஜப்பான்காரராக யூனியோஷி வந்துவிட்டார். எத்துப்பல், விளக்கில் மண்டை இடி, கூச்சல். எனக்குப் பழக்கதோஷத்தில் சிரிப்பு வந்தது. பக்கத்தில் சத்தமே இல்லை.

"இவர் ஜப்பான்காரராப்பா?"

"மிக்கி ரூனி. அமெரிக்க வெள்ளைக்காரர். பல் ஒட்டுப்பல்."

"இதுக்கா நீங்கல்லாம் சிரிச்சீங்க?"

"சேச்சே" என்றேன்.

டேய், சிரித்தது மட்டுமா? ஹாஸ்டலில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து இதே படத்தைப் பார்த்த அந்த ராத்திரி, ஆரஞ்சுத் தோலைப் பல்லாக வெட்டி வைத்துக்கொண்டு வார்டன் அறை வாசலில் நீ கத்தியதும், நான் உருண்டதும் ஞாபகம் வந்து தூக்கமே போயிற்று.

அந்தக் காலம் அப்படி என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது நிற்கவில்லை. கறுப்பர், வெள்ளையர் காதலைக் காட்டவே கூடாது என்று 1934 முதல் ஹாலிவுட்டில் கறாராக அமலான தணிக்கை விதிகூட 1956இல் போய்விட்டது. இந்தப் படம் 1961. எத்துப்பல் வை என்று எந்த விதியும் சொல்லவில்லை. சிரிப்பு வரும் என்று நினைத்தார்கள், நமக்கு வந்தது. இயக்குநர் பிளேக் எட்வர்ட்ஸே பிற்பாடு வருத்தப்பட்டாராம்.

என்னை உறுத்துவது வேறு. அதே 1961இல் 'ஃபிளவர் டிரம் சாங்' வந்தது. சான் பிரான்சிஸ்கோ சைனா டவுனில் நடக்கும் பாட்டும் காதலும் கலாட்டாவும். (அதிலும் சீனக் குடும்பத்துச் சித்தியாக வருவது ஜுவானிட்டா ஹால் என்ற கறுப்பினப் பெண்மணி. என்னத்தைச் சொல்ல!) கதாநாயகன் ஜேம்ஸ் ஷிகெட்டா, ஹொனலுலுவில் பிறந்த ஜப்பானிய அமெரிக்கர். என்ன களை, என்ன நடை! நான்சி குவான் ஒருபக்கம், மியோஷி உமெகி ஒருபக்கம், நடுவில் இவர் முழிக்கிற முழி. படத்துக்கு 5 ஆஸ்கர் பரிந்துரை. ஆக, ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆட்ரி ஹெப்பர்னுக்கு மேல்வீட்டில் குடிவைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

ஷிகெட்டாவை உனக்கும் தெரியும். 'டை ஹார்டி'ல் கம்பெனித் தலைவர் தகாகியாக வந்து ஆரம்பத்திலேயே குண்டடி பட்டுச் சாவாரே, அவர்தான். 27 வருடம் கழித்து நாம் பார்த்தது அந்தக் கொஞ்ச நேரம். அப்போது அவர் பெயரைக்கூட நாம் கேட்டுக்கொள்ளவில்லை.

பெண் இப்போது ஷிகெட்டா படங்களாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். ஒன்று கிடைத்தால் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறாள்.

தங்கச்சிக்கு மூட்டுவலி தேவலையா? பதில் போடு. ஆனால் ஆரஞ்சுத் தோலைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதிவிடாதே. உன் கோழிக் கிறுக்கலை இப்போதைக்கு என் பெண்தான் வாசித்துக் காட்டவேண்டும்.

உன்,
பாலு